முதலில் கணக்கு, பிறகு கணிப்பு: நன்னடத்தைக் கண்காணிப்பில் தரவைப் பயன்படுத்த முழுமையான வழிகாட்டி

குற்றம் நிரூபணமானவரைச் சிறைக்கு அனுப்பாமல், ஊரில் இருந்து பிழைப்பைப் பார்த்தபடியே நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் இருக்க விடுவதற்கு 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் வழிசெய்கிறது. மெட்ராஸ் மாகாணத்தில் இதற்கு 1936-லேயே தனிச் சட்டம் இருந்தது. ஏற்பாடு பழையது; அதன் பலனை அளக்கும் பழக்கம்தான் நம்மிடம் குறைவு. எத்தனை பேர் ஆணைக் காலத்தை முழுதாக முடித்தார்கள், எத்தனை பேர் எந்த மாதத்தில் வராமல் நின்றார்கள், மீண்டும் வழக்கில் சிக்கியவர்களுக்கு அதற்கு முந்தைய மாதம் என்ன நடந்தது என்று கேட்டால், கட்டுக் கட்டாகக் கோப்புகள் இருந்தும் ஒரு தாளில் பதில் இருக்காது.

‘தரவு’ என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது ‘இவர் மறுபடி தப்பு செய்வாரா’ என்று மதிப்பெண் போடும் மென்பொருள். வரிசை அங்கே தொடங்கக் கூடாது. கண்காணிக்கப்படுபவரைக் கணிப்பதற்கு முன், கண்காணிக்கும் அலுவலகம் தன் வேலையைக் கணக்கெடுக்க வேண்டும். பலன் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும், செலவும் குறைவு. கீழே உள்ள முறை இரண்டு மூன்று அலுவலர்களும் ஒரு கணினியும் எக்செல்லும் உள்ள மாவட்ட அலுவலகத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது.

படி 1: யாரை எண்ணுகிறோம் என்பதை முடிவுசெய்யுங்கள்

ஒரே பதிவேட்டில் நான்கைந்து விதமானவர்கள் கலந்திருப்பார்கள். 1958 சட்டத்தின் பிரிவு 3-இன்படி கண்டித்து விடப்பட்டவர். பிரிவு 4(1)-இன்படி பிணைப்பத்திரம் மட்டும் எழுதிக்கொடுத்தவர். பிரிவு 4(3)-இன்படி கண்காணிப்பு ஆணையும் பெற்றவர். இவர்களோடு சிறைவாசிகளின் விடுப்புக்காக விசாரிக்கப்பட்டவர்களும் இருப்பார்கள். 2024 ஜூலை 1 முதல், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் சமூக சேவையும் ஒரு தண்டனை. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல்முறை திருடி, அதைத் திருப்பிக் கொடுத்தவர் போன்றோருக்கு அது விதிக்கப்படும்.

இவர்களை எல்லாம் கூட்டி ஒரே சதவீதம் எடுத்தால் அதற்கு அர்த்தமே இல்லை. கண்டித்து விடப்பட்டவரை யாரும் கண்காணிப்பதில்லை. அவரைச் சேர்த்தால் கண்காணிப்பின் பலன் பொய்யாக உயரும். எனவே பிரிவு 4(3) ஆணை பெற்றவர்களை மட்டும் முதல் தொகுதியாக எடுங்கள். இந்த ஆணை ஓராண்டுக்குக் குறையாது, பிணைப்பத்திரக் காலம் மூன்றாண்டைத் தாண்டாது. தொடக்கமும் முடிவும் தெளிவாக இருப்பதால் கணக்குப் போட ஏற்ற தொகுதி இதுதான். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சட்டமும் ரகசிய விதிகளும் வேறு. அவர்களின் பெயர் இந்தக் கோப்புக்குள் வரவே கூடாது.

தொகுதியைக் காலாண்டு வாரியாகக் கட்டுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை ஆணை பெற்றவர்கள் ஒரு தொகுதி. அவர்கள் அனைவரையும் கடைசி வரை பின்தொடர வேண்டும். ‘இன்றைய தேதியில் நம் கணக்கில் இருப்பவர்கள்’ என்று எடுத்தால், பாதியில் காணாமல் போனவர்கள் தானாக விடுபட்டுப்போவார்கள். மிச்சம் இருப்பவர்கள் ஒழுங்காக வருபவர்கள்தானே!

படி 2: நான்கு தாள்கள், அதற்கு மேல் வேண்டாம்

முதல் தாளில் ஓர் ஆணைக்கு ஒரு வரி. அலுவலகம் தரும் எண், நீதிமன்ற வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண் (வழக்குக்கான தனி அடையாள எண்), காவல் நிலையம், முதல் தகவல் அறிக்கை எண்ணும் ஆண்டும், குற்றப் பிரிவு, ஆணை நாள், முதல் சந்திப்பு நாள், முடிவு நாள், பிறந்த ஆண்டு, தொழில், வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் பஸ்ஸில் ஆகும் நேரம், முந்தைய தண்டனைகளின் எண்ணிக்கை, பொறுப்பு அலுவலர். ஆணை நாளையும் முதல் சந்திப்பு நாளையும் தனித்தனியே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஆணை நகல் நீதிமன்றத்திலிருந்து அலுவலகத்துக்கு வந்துசேரும் இடைவெளியில்தான் பலர் தொடர்பு அறுந்து போகிறார்கள். அந்த இடைவெளியின் நாட்களே நீங்கள் அளக்கப்போகும் முதல் எண்.

இரண்டாவது, சந்திப்புத் தாள். ஒவ்வொரு திட்டமிட்ட சந்திப்புக்கும் ஒரு வரி, வந்தாலும் வராவிட்டாலும். வந்தவர்களை மட்டும் கையெழுத்து வாங்கி எழுதிவைக்கும் பழைய வழக்கத்தில், வராத நாள் பதிவே ஆகாது. அதுதான் நமக்கு வேண்டியது. வராததற்கான காரணத்தைக் கதையாக எழுதாமல் எண்ணாக இடுங்கள்: 1 கூலி வேலை, 2 பயணம், 3 உடல்நலம், 4 வெளியூர் வேலை, 5 தேதி தெரியவில்லை, 6 தொடர்பே கிடைக்கவில்லை, 7 வந்தார், அலுவலர் இல்லை. ஏழாவதை விட்டுவிடாதீர்கள். நீதிமன்ற அறிக்கைக்காகக் களத்துக்குப் போன அலுவலரைப் பார்க்க 40 கிலோமீட்டர் வந்து திரும்பியவரை ‘ஆஜராகவில்லை’ என்று எழுதிய தரவிலிருந்து நல்லது எதுவும் பிறக்காது.

மூன்றாவது, நிபந்தனைத் தாள்: ஆணையில் உள்ள ஒவ்வொரு நிபந்தனைக்கும் தனி வரி. ‘மாதம் ஒருமுறை ஆஜராக வேண்டும்’, ‘மது அருந்தக் கூடாது’, ‘இருப்பிடம் மாறினால் தெரிவிக்க வேண்டும்’, பிரிவு 5-இன் இழப்பீட்டுத் தவணை என ஒவ்வொன்றும். மீறல் நடந்தால் நாளும், அதன்பின் எடுத்த நடவடிக்கையும்.

நான்காவது, நிகழ்வுத் தாள்: புதிய வழக்கு, கைது, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு.

பெயரில்தான் பெரும் சிக்கல் வரும். தகப்பன் பெயரின் முதலெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் போகும், மூன்றாவதில் இருக்கவே இருக்காது. காவல் நிலையப் பதிவில் ‘முருகன் (எ) குட்டி’ என்றிருப்பவர் நீதிமன்ற ஆவணத்தில் வெறும் முருகன். ஆங்கிலத்தில் ஏற்றும்போது ‘ழ’ ஒருவர் கையில் எல் ஆகும், இன்னொருவர் கையில் இசட்-எச் ஆகும். எனவே பெயரைக் கொண்டு மட்டும் ஆளைப் பொருத்தாதீர்கள். பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஆண்டு (ஓராண்டு முன்பின்), ஊர் ஆகிய நான்கில் மூன்று பொருந்தினால் ‘சாத்தியம்’ என்று குறித்து, வழக்கு எண்ணைப் பார்த்து மனிதக் கண்ணால் உறுதிசெய்யுங்கள். இரண்டு முருகன்களை ஒருவராக்கினால், ஒரு குற்றமும் செய்யாத முருகன் மறுகுற்றவாளி ஆகிவிடுவார்.

கைப்பேசி எண்ணும் இப்படித்தான். சிம் மாறிக்கொண்டே இருக்கும். ஒப்புதலோடு வீட்டார் ஒருவரின் எண்ணை இரண்டாவதாக வாங்குங்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டையும் அங்கேயே அழைத்துச் சரிபாருங்கள். அரை நிமிட வேலை.

படி 3: ‘மீண்டும் குற்றம்’ என்றால் என்னவென்று எழுத்தில் வையுங்கள்

இந்தப் படியில் அவசரப்பட்டால் பிறகு எல்லாமே கோணலாகும். புதிய கைது, புதிய குற்றப்பத்திரிகை, புதிய தண்டனை என்ற மூன்றில் எதை எண்ணுவது?

தண்டனையை எண்ணுவது நியாயமாகத் தோன்றும். ஆனால் வழக்கு வாய்தா வாய்தாவாக நீளும் இடத்தில், ஓராண்டில் புதிய தண்டனை பெற்றவர் யாருமே இல்லை என்று வரும். அலுவலகம் தன்னைத்தானே பாராட்டிக்கொள்ளும். இங்கிலாந்தில் ஓராண்டுக்குள் செய்த குற்றத்தை எண்ணிவிட்டு, அது நீதிமன்றத்தில் நிரூபணமாக மேலும் ஆறு மாதம் காத்திருந்து கணக்கை முடிக்கிறார்கள். நம் நீதிமன்றங்களின் வேகத்துக்கு அந்த ஆறு மாதம் போதாது.

கைதை எண்ணினால் எதிர்ப் பிழை. அது அந்த மனிதரின் நடத்தையோடு காவல் நிலையத்தின் நடத்தையையும் சேர்த்து அளக்கும். திருவிழா, தேர்தல் சமயத்தில் பழைய பட்டியலை எடுத்து நன்னடத்தைப் பிணை கேட்டு அழைத்துப்போவார்கள். அது முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 109, 110; இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 126, 128, 129. இவற்றில் புதிய குற்றம் எதுவும் இல்லை. காவல் நிலையத்தின் சரித்திரப் பதிவேட்டில் (ஹிஸ்டரி ஷீட்) பெயர் ஏறுவதும் அப்படியே. இவற்றை மறுகுற்றமாக எண்ணக் கூடாது.

நடைமுறைக்கு ஏற்றது இது: ஆணை நாளுக்குப் பிறகு நடந்த சம்பவத்துக்காகப் பதிவான வழக்கில், அவர் பெயர் உள்ள குற்றப்பத்திரிகை நீதிமன்றத்தில் தாக்கலாகியிருந்தால் ஒன்று. பின்னாளில் விடுதலையானால் அந்த வரியில் ‘விடுதலை’ என்று திருத்தம். சம்பவம் நடந்த நாளையே எடுக்க வேண்டும், வழக்குப் பதிவான நாளை அல்ல. இல்லாவிட்டால் ஆணைக்கு முன் நடந்த பழைய சம்பவங்களும் கணக்கில் நுழையும். குற்றத்தின் தீவிரத்தையும் மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: உடலுக்கு எதிரானது, சொத்துக்கு எதிரானது, மற்றவை. பைக் திருடியவர் அடுத்து பொது இடத்தில் குடித்துவிட்டுச் சத்தம் போட்டதற்காக வழக்கில் சிக்கினால், அதையும் ஆள் தாக்குதலையும் ஒரே எண்ணில் அடைக்க முடியாது.

இங்கே ஒரு பொறி உண்டு, பத்திரிகைச் செய்திகள் அடிக்கடி அதில் விழும். ‘கைதானவர்களில் இத்தனை சதவீதம் பழைய குற்றவாளிகள்’ என்பது மறுகுற்ற விகிதம் அல்ல. அது கைதானவர்களிலிருந்து பின்னோக்கிப் பார்ப்பது. நமக்கு வேண்டியது, ஆணை பெற்றவர்களிலிருந்து முன்னோக்கிப் பார்ப்பது. இரண்டுக்கும் வகுக்கும் எண்ணே வேறு.

படி 4: முதல் அட்டவணை, மாதவாரியாக

அமெரிக்க நீதிப் புள்ளியியல் பணியகம் 30 மாநிலங்களில் 2005-இல் சிறையிலிருந்து விடுதலையானவர்களைப் பின்தொடர்ந்தது. ஐந்தாண்டில் மீண்டும் கைதானவர்கள் 76.6 சதவீதம். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் முதல் ஆண்டு முடிவதற்குள்ளேயே கைதானார்கள். அவர்கள் சிறை மீண்டவர்கள், நம் தொகுதியினர் அல்ல என்பதால் அந்தச் சதவீதத்தை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம். எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் வடிவம்: ஆபத்து சீராகப் பரவியிருப்பதில்லை, தொடக்க மாதங்களில் குவிகிறது. மூன்றாண்டு ஆணைக்கு முப்பத்தாறு மாதமும் ஒரே அளவு கவனம் என்பது அந்த வடிவத்துக்குப் பொருந்தாத ஏற்பாடு.

உங்கள் மாவட்டத்தின் வடிவத்தைப் பார்க்க, ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டு எண்கள் போதும்: மாதத் தொடக்கத்தில் இன்னும் ஒருமுறைகூடத் தவறாமல் கண்காணிப்பில் இருப்பவர்கள் எத்தனை, அந்த மாதத்தில் முதல்முறை தவறியவர்கள் எத்தனை. எடுத்துக்காட்டாக, முதல் மாதம் 80 பேரில் 12 பேர் தவறினால் மிஞ்சுவது 85 சதவீதம். இரண்டாம் மாதத்தை எட்டியவர்கள் 66 பேர் (மற்ற இருவருக்கு இன்னும் ஒரு மாதமே ஆகவில்லை). அதில் 5 பேர் தவறினால் 66-இல் 61, அதாவது 92.4 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் சுமார் 79 சதவீதம். இப்படி மாதத்துக்கு மாதம் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். இன்னும் காலம் முடியாதவர்களை ‘வெற்றி’ என்றும் எண்ணாமல், தூக்கியும் போடாமல், அவர்கள் இருந்த மாதம் வரை மட்டும் எண்ணும் முறை இது. புதிய வழக்குக்கும் இதே அட்டவணையை இன்னொரு முறை போடுங்கள்.

சிறிய எண்ணிக்கையிடம் எச்சரிக்கை தேவை. ஓராண்டுத் தொகுதியில் 60 பேர், 9 பேர் மீது புதிய வழக்கு என்றால் 15 சதவீதம். ஆனால் 60 பேர் என்ற அளவில் உண்மை விகிதம் 8 முதல் 26 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். பக்கத்து மாவட்டம் 20 என்று காட்டினால் நீங்கள் மேல் என்று ஆகாது. மாவட்டங்களைத் தரவரிசையில் போட்டு ஆய்வுக் கூட்டத்தில் கேள்வி கேட்கத் தொடங்கினால் அடுத்த காலாண்டிலேயே எல்லா மாவட்டமும் முன்னேறிவிடும், தாளில்.

படி 5: நிபந்தனைகளைத் தணிக்கை செய்யுங்கள்

எங்கள் பார்வையில் இந்த முறையிலேயே அதிகம் பலன் தரும் பகுதி இதுதான்.

அமெரிக்காவில் 2019-இல் மாநில அரசுகள் பேரவையின் நீதி மையம் வெளியிட்ட கணக்கில், மாநிலச் சிறைகளில் புதிதாகச் சேர்ந்தவர்களில் 45 சதவீதம் பேர் நன்னடத்தை அல்லது பரோல் நிபந்தனையை மீறியதற்காக உள்ளே போனவர்கள். மொத்தச் சேர்க்கையில் நான்கில் ஒரு பங்கு, புதிய குற்றம் எதுவும் இன்றி, சந்திப்பைத் தவறவிட்டது போன்ற விதிமீறலுக்காக மட்டும். சிறைக்கு மாற்று என்று தொடங்கியது சிறைக்கு இன்னொரு வாசலாகிவிட்டது. நம் சட்டத்தின் பிரிவு 9 இவ்வளவு கடுமையானது அல்ல: முதல் மீறலுக்கு 50 ரூபாய்க்கு மேற்படாத அபராதத்தோடு ஆணையைத் தொடர விடலாம். ஆனால் மூலக் குற்றத்துக்கே தண்டிக்கும் அதிகாரமும் அதே பிரிவில் இருக்கிறது.

நிபந்தனைத் தாளை எடுத்து ஒவ்வொரு நிபந்தனைக்கும் மூன்று எண்கள் எழுதுங்கள்: எத்தனை பேருக்கு விதிக்கப்பட்டது, எத்தனை பேர் மீறினார்கள், மீறியவர்களில் எத்தனை பேர் மீது ஆறு மாதத்துக்குள் புதிய வழக்கு வந்தது. பெரும்பாலானோர் மீறுகிறார்கள், ஆனால் புதிய வழக்குக்கும் அதற்கும் தொடர்பே தெரியவில்லை என்றால், அந்த நிபந்தனை ஆளைத் திருத்துவதில்லை, கோப்பைத்தான் பெருக்குகிறது. குறைவானவர்களே மீறினாலும் அவர்களில் பலர் புதிய வழக்கில் சிக்கினால், அங்கே மீறல் ஒரு முன்னறிகுறி. அடுத்த நாளே அலுவலர் நேரில் போக வேண்டிய இடம் அது.

அடுத்து, தவறிய சந்திப்புகளைக் காரண எண்ணோடும் கிழமையோடும் பயண நேரத்தோடும் வைத்துப் பாருங்கள். ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் பயணம் உள்ளவர்கள் மற்றவர்களைவிட இரு மடங்கு தவறுகிறார்கள் என்றால் சிக்கல் ஒழுக்கத்தில் இல்லை, பஸ்ஸில் இருக்கிறது. சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கு வார நாளில் ஆஜராவது என்றால் ஒரு நாள் கூலி போச்சு. மாதம் ஒருமுறை தாலுகா நகரில் ஓர் அரசு அலுவலகத்தின் அறையைக் கேட்டு வாங்கி அங்கே உட்காருவது, மாலை ஆறு மணிக்குச் சந்திப்பு வைப்பது போன்றவை அலுவலக மட்டத்திலேயே முடிகிற மாற்றங்கள். செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ குடும்பத்தோடு மாதக்கணக்கில் போகிறவர்களின் ஆணையில் ‘மாதந்தோறும் நேரில்’ என்று இருந்தால் அலுவலர் தானாக மாற்ற முடியாது. பிரிவு 8-இன்கீழ் நிபந்தனையை மாற்றித் தரும்படி அலுவலரே நீதிமன்றத்தில் மனுப் போடலாம். கண்காணிப்பு இனித் தேவையில்லை என்று நடத்தை காட்டினால், 8(3)-இன்கீழ் பிணைப்பத்திரத்திலிருந்து முன்கூட்டியே விடுவிக்கவும் கேட்கலாம். இத்தகைய மனுக்கள் ஆண்டுக்கு எத்தனை போட்டீர்கள் என்பதையும் அட்டவணையில் ஒரு வரியாகச் சேருங்கள். பூஜ்யம் என்றால் அதுவே ஒரு தகவல்.

வேலை தேடிக் கொடுப்பதும் பிரிவு 14-இன்படி அலுவலரின் கடமை. சந்திப்புத் தாளில் ‘இன்று வேலையில் இருக்கிறாரா’ என்ற ஒரு கட்டம் இருக்கட்டும். வேலை போன மாதத்துக்கும் தவறிய சந்திப்புக்கும் இடையிலான தொடர்பை அது காட்டும்.

படி 6: கவனத்தைப் பங்கிடுதல்

இப்போதுதான் ஆபத்து மதிப்பீடு. கனடாவின் உளவியலாளர்கள் ஆண்ட்ரூஸ், போண்டா ஆகியோர் முன்வைத்த அடிப்படை மூன்று: ஆபத்து கூடியவர்களுக்குக் கூடுதல் கவனம், அந்தக் கவனம் குற்றத்தோடு தொடர்புள்ள தேவைகளின்மேல், அவரவருக்கு எட்டும் முறையில். இதில் மறக்கப்படும் பாதி ஒன்று உண்டு: ஆபத்து குறைந்தவர்களை அதிகமாகக் கவனித்தால் கெடுதல். ஒஹையோ மாநிலத்தின் இடைநிலை இல்லங்களில் (சிறைக்கும் வீட்டுக்கும் இடையில் தங்கவைக்கும் இடங்கள்) 2002-இல் நடந்த ஆய்வில், தீவிரத் திட்டங்கள் ஆபத்து கூடியவர்களின் மறுகுற்றத்தைக் குறைத்தன. குறைந்தவர்களிடம் அதைக் கூட்டின. வேலை, குடும்பம், ஊர் உறவு என அவர்களைத் தாங்கி நின்றவற்றை அந்தத் திட்டமே அறுத்துவிடுகிறது; மேலும் கடினமான ஆட்களோடு பழகவும் வைக்கிறது. பிலடெல்ஃபியாவில் ஆபத்து குறைந்த 1,500-க்கும் மேற்பட்டோரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு ஓர் அலுவலரிடம் 400 பேர் வரை என்ற அளவுக்குக் கண்காணிப்பைத் தளர்த்திப் பார்த்தார்கள். குற்றத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

நேரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓர் அலுவலரிடம் 60 பேர். எல்லோருக்கும் மாதம் ஒருமுறை அரை மணி நேரம் என்றால் 30 மணி நேரம். அதே 30 மணி நேரத்தை இப்படியும் பங்கிடலாம்: அதிகக் கவனம் தேவைப்படும் 10 பேருக்கு மாதம் மூன்று முறை, தலா 40 நிமிடம் (20 மணி), நடுத்தரம் 20 பேருக்கு ஒருமுறை 25 நிமிடம் (8 மணி 20 நிமிடம்), மற்ற 30 பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 10 நிமிடம் (மாதத்துக்கு 1 மணி 40 நிமிடம்). புதிய பணியிடம் கேட்டு எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய கணக்கு இது. புதிதாக வருபவர் யாராக இருந்தாலும் முதல் 90 நாள் நடுத்தரத்துக்குக் கீழே போகக் கூடாது. காரணம் படி 4-இல் இருக்கிறது.

யாரை எந்த அடுக்கில் வைப்பது? 2018-இல் டிரெசலும் ஃபரீதும் வெளியிட்ட ஆய்வு இதில் தெளிவு தருகிறது. மறுகுற்றத்தைக் கணிக்க 137 விவரங்கள் வரை எடுத்துக்கொள்ளும் கம்பாஸ் என்ற வணிக மென்பொருளும், வயது, முந்தைய தண்டனை எண்ணிக்கை ஆகிய இரண்டை மட்டும் வைத்த எளிய சூத்திரமும் ஏறக்குறைய ஒரே துல்லியம்தான் காட்டின. எனவே மென்பொருள் வாங்கத் தேவையில்லை. மாறாதவை இரண்டு: வயது, முந்தைய தண்டனைகள். மாறக்கூடியவை நான்கு: வேலை, குடி அல்லது போதை, கூட்டாளிகள், வீட்டில் ஆதரவு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மாறக்கூடிய நான்கையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். ஒருமுறை போட்ட மதிப்பெண் ஆள் வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆன பிறகும் கோப்பில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஒரே ஆளை இரண்டு அலுவலர்கள் தனித்தனியே மதிப்பிட்டு, ஒத்துப்போகிறதா என்று 20 பேரிடமாவது சோதியுங்கள். ஒத்துப்போகாவிட்டால் கேள்விகளின் சொற்களைத் திருத்துங்கள்.

இந்த மதிப்பெண் தொடர்பின் வரிசைக்கு மட்டும். நீதிமன்ற அறிக்கைக்கு அல்ல. ஏன் என்பதற்கு ஒரு கணக்கு: 500 பேரில் 50 பேர் கடும் குற்றம் செய்யப்போகிறார்கள் என்று வையுங்கள். கருவி அவர்களில் 70 சதவீதத்தைச் சரியாகப் பிடிக்கிறது; மற்றவர்களிலும் 70 சதவீதத்தைச் சரியாக விடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘ஆபத்து’ என்று அது குறிப்பது 35 + 135, ஆக 170 பேரை. ஐந்தில் நான்கு பேர் தவறாகக் குறிக்கப்பட்டவர்கள். அவர்களை அடிக்கடி சந்திக்கலாம், சிறைக்கு அனுப்ப முடியாது. குறைந்தது 100 மறுகுற்ற நிகழ்வுகளாவது சேர்ந்த பிறகே கருவியைச் சரிபார்ப்பதில் பொருள் உண்டு. ஒரு மாவட்டத்தில் அதற்கு ஆண்டுகள் ஆகும், எனவே பல மாவட்டங்கள் ஒரே படிவத்தைப் பயன்படுத்த வேண்டும்.

சாதி, மதம், தெரு, காவல் நிலையப் பட்டியல் ஆகிய நான்கும் மதிப்பெண்ணுக்குள் வரவே கூடாது. ஃப்ளோரிடாவின் பிரோவார்ட் கவுண்டியில் கம்பாஸ் மதிப்பெண்களை 2016-இல் ப்ரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் ஆராய்ந்தபோது, பின்னர் குற்றமே செய்யாத கறுப்பினத்தவரில் சுமார் 45 சதவீதம் பேர் ஆபத்தானவர்களாகக் குறிக்கப்பட்டிருந்தார்கள்; வெள்ளையரில் அது சுமார் 23 சதவீதம். இனம் அந்தக் கருவியில் ஒரு கேள்வியாகவே இல்லை. மற்ற கேள்விகளின் வழியாக உள்ளே வந்தது. இதைப் புரிந்துகொள்ள நமக்கு ஃப்ளோரிடா வரை போக வேண்டியதில்லை. குற்றப் பரம்பரைச் சட்டத்தை ‘ரேகைச் சட்டம்’ என்றே அழைத்தது மதுரைச் சீமை. பதிவேட்டில் கைரேகை வைக்க மறுத்துத்தான் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று மக்கள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். சட்டம் போன பிறகும் பட்டியல் போடும் பழக்கம் 1948-இன் வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வழியாகத் தொடர்ந்தது. சிறைப் பதிவேடுகளில் சாதிக்கான கட்டத்தையே நீக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில்தான் சொன்னது. ‘முந்தைய கைதுகள்’ என்ற அப்பாவித்தனமான கட்டம் அந்த நூற்றாண்டை அப்படியே தூக்கிக்கொண்டு வரும். அதனால்தான் மேலே கைதுகள் என்று எழுதாமல் தண்டனைகள் என்று எழுதியிருக்கிறது.

படி 7: ஒன்றை மாற்றுங்கள், குலுக்கிப் பாருங்கள்

காரண எண் 5 (தேதி தெரியவில்லை) அதிகமாக இருந்தால் நினைவூட்டலில் தொடங்குங்கள். நியூயார்க்கில் சம்மன் படிவத்தை நாளும் இடமும் மேலே தெரியும்படி மாற்றி அமைத்ததில் நீதிமன்றத்துக்கு வராமல் போவது 13 சதவீதம் குறைந்தது. குறுஞ்செய்தி நினைவூட்டல்கள் 21 சதவீதம் குறைத்தன. நம் ஊரில் குறுஞ்செய்தி படிக்காதவர்களுக்குத் தமிழில் குரல் அழைப்பு. மூன்று நாள் முன்பு ஒன்று, முந்தின நாள் மாலை ஒன்று. செய்தியில் ‘குற்றவாளி’, ‘வழக்கு’, ‘கண்காணிப்பு’ போன்ற சொற்கள் வேண்டாம். போன் யார் கையில் இருக்குமோ தெரியாது. ‘வியாழன் காலை 10 மணிக்குச் சந்திப்பு. வர முடியாவிட்டால் இந்த எண்ணுக்கு அழைக்கவும்’ என்பது போதும்.

பலனை அறிய, அலுவலக எண் ஒற்றைப்படையாக உள்ளவர்களுக்கு மட்டும் ஆறு மாதம் அனுப்புங்கள். அலுவலர் விருப்பப்படி தேர்ந்தெடுத்தால் ஒத்துழைக்கும் ஆட்களுக்கே செய்தி போகும். பலன் பொய்யாகத் தெரியும். தவறுதல் 40 சதவீதத்திலிருந்து 25 ஆகக் குறைவதைக் கண்டறிய ஒவ்வொரு பக்கமும் சுமார் 150 பேர் வேண்டும். மறுகுற்றம் 20-லிருந்து 15 ஆகக் குறைவதைக் கண்டறியவோ ஒவ்வொரு பக்கமும் சுமார் 900 பேர். ஒரு மாவட்டம் முன்னதைச் சோதிக்கலாம். பின்னதை மாநிலம்தான் சோதிக்க முடியும்.

ஓர் இடத்தில் வென்றதை அப்படியே நகலெடுப்பதிலும் ஆபத்து. ஹவாயில் 2004-இல் நீதிபதி ஸ்டீவன் ஆல்ம் தொடங்கிய ‘ஹோப்’ திட்டம், ஒவ்வொரு மீறலுக்கும் உடனடியாக, ஆனால் சிறிய தண்டனை என்ற முறையால் 2009 மதிப்பீட்டில் பெயர் வாங்கியது. அதே முறையை நான்கு மாநிலங்களில் குலுக்கல் சோதனையாகச் செய்தபோது, 2016-இல் வந்த முடிவில் மறுகுற்றம் ஒட்டுமொத்தமாகக் குறையவில்லை.

படி 8: யார் பார்க்கலாம், எப்போது அழிக்கலாம்

பிரிவு 7-இன்படி நன்னடத்தை அலுவலரின் அறிக்கை ரகசியமானது. அந்த அறிக்கையிலுள்ள குடும்ப விவரத்தை எக்செல்லில் ஏற்றி வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அந்த ரகசியம் அன்றே போச்சு. பெயர், முகவரி, போன் எண் ஆகியவை கடவுச்சொல் உள்ள தனிக் கோப்பில். பகுப்பாய்வுத் தாள்களில் அலுவலக எண் மட்டும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குற்றத் தடுப்பு, புலனாய்வுப் பணிகளுக்கு விலக்குகள் தருவதால், சட்டம் காக்கும் என்று இருந்துவிட முடியாது. அலுவலகமே விதி எழுத வேண்டும். கூட்டுத் தொகை எண்கள் யாருக்கும் தரலாம்; ஆள்வாரிப் பட்டியல் கேட்டு யார் வந்தாலும் எழுத்து மூலக் கோரிக்கை, சட்டப் பிரிவு, பதிவு. இல்லாவிட்டால் நீங்கள் அடுக்கு பிரித்த தாள் அடுத்த திருவிழாவுக்கு நிலையத்தின் பட்டியலாக மாறியிருக்கும்.

கைப்பேசி மூலம் இருப்பிடம் கண்காணிக்கலாமே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஜாமீனில் வந்தவர் கூகுள் மேப்பில் தன் இருப்பிடத்தைப் பகிர வேண்டும் என்ற நிபந்தனை தனிமனித உரிமைக்கு எதிரானது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. அது ஜாமீன் வழக்கு என்றாலும், நன்னடத்தையில் இதைத் தொடங்குவதற்கு முன் படிக்க வேண்டிய தீர்ப்பு.

பிரிவு 12, இந்தச் சட்டத்தில் விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு இல்லை என்கிறது. ஆகவே ஆணைக் காலமும், அதன்பின் நீங்கள் பின்தொடரத் தீர்மானித்த காலமும் (ஓராண்டு போதும்) முடிந்த காலாண்டில் பகுப்பாய்வுக் கோப்புக்கான பெயர் இணைப்பை நீக்குங்கள். எண்கள் மட்டும் மிஞ்சும்.

தொடங்கும்போது பழைய கோப்புகளை எல்லாம் ஏற்ற உட்காராதீர்கள். அந்த வேலையிலேயே ஊக்கம் வடிந்துவிடும். அடுத்த மாதம் முதல் தேதிக்குப் பின் வரும் ஆணைகளை மட்டும் ஏற்றுங்கள். முதல் மூன்று மாதம் சந்திப்புத் தாள் மட்டும் ஒழுங்காக நிரம்பினால் போதும். நான்காம் மாதம் நிபந்தனைத் தாள். ஆறாம் மாதம் முதல் அட்டவணை. ஓராண்டு முடிவதற்குள் மதிப்பெண் பக்கம் போகவே வேண்டாம். மாதம் ஒருமுறை முக்கால் மணி நேரம் எல்லா அலுவலர்களும் ஒரே பக்கத்தைப் பார்த்து மூன்று கேள்விகளுக்கு விடை எழுதட்டும்: இந்த மாதம் முதல்முறை தவறியவர்கள் யார், ஏன், எந்த நிபந்தனைக்கு மாற்றம் கேட்டு மனுப் போடுகிறோம், போன மாதம் செய்வதாகச் சொன்னதில் எது நடக்கவில்லை.